ஊதிய இடைவெளி நிறுவனத்திற்கு உள்ளேயா, வெளியேயா?

ஊதிய ஏற்றத்தாழ்வு என்றதும், ஒரு நிறுவனத்தின் தலைமை அதிகாரியையும் அதன் வாயிற்காவலரையும் ஒப்பிடுவதே நம் வழக்கம். ஆனால் அந்தக் காவலர் பெரும்பாலும் இன்று அந்நிறுவனத்தின் ஊழியரே அல்லர். ஓர் ஒப்பந்த முகமையின் ஊழியர். இடைவெளி குறையவில்லை, நிறுவனத்தின் உள்ளிருந்து வெளியே நகர்ந்திருக்கிறது.

இதற்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. ஜே சாங், நிக்கோலஸ் ப்ளூம் உள்ளிட்ட ஐவர் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1978 முதல் 2013 வரை அங்கு அதிகரித்த ஊதிய ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களுக்கு இடையே ஏற்பட்டது. உயர் ஊதியம் பெறுவோர் உயர் ஊதிய நிறுவனங்களில் மேன்மேலும் குவிந்ததும், ஒத்த ஊதியத்தினர் ஓரிடத்தில் திரண்டதுமே இதன் முதன்மைக் காரணங்கள்.

இந்தப் போக்கு பெருந்தரவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. எனவே பழி முழுவதையும் அதன்மேல் சுமத்த இயலாது. ஆயினும் அது இப்போக்கை விரைவுபடுத்தக்கூடியது என்பதே என் வாதம். வாடிக்கையாளர் பெருகினால் தரவு பெருகும். தரவு பெருகினால் கணிப்பு கூர்மையடையும். கூர்மையான கணிப்பு மேலும் வாடிக்கையாளரைக் கொண்டுவரும். இந்தச் சுழற்சிக்கு வேண்டிய கணினித் திறனும் தரவு வல்லுநர்களும் பெருஞ்செலவு பிடிப்பவை. பெரிய நிறுவனம் அச்செலவைக் கோடிக்கணக்கான பரிவர்த்தனைகளின்மேல் பரப்பிவிடும்; சிறு நிறுவனத்தால் அது முடியாது. விளைவாக, வல்லுநர்கள் ஒருபுறம் குவிகிறார்கள்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. உணவு கொண்டு சேர்ப்பவரின் ஒவ்வொரு பயணமும் செயலி நிறுவனத்திற்குத் தரவாகிறது. அவரோ அதன் ஊதியப் பட்டியலில் இல்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பே கிக் தொழிலாளரை மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்துத்தான் வரையறுக்கிறது. 2020–21இல் இத்தகையோர் 77 லட்சம் பேர் என்று நிதி ஆயோக் மதிப்பிட்டது. தரவை உருவாக்குபவர் வெளியே நிற்க, அதைப் பகுத்தாய்பவர் மட்டும் உள்ளே இருக்கிறார். நிறுவனத்தின் சராசரி ஊதியம் உயர்ந்து காட்சியளிப்பதில் வியப்பில்லை.

‘திறனை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை இங்கே பாதி வழிதான் செல்லும். எந்த வாயிலுக்குள் நுழைகிறோம் என்பதும் ஊதியத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த வாதத்தை இந்தியாவில் சோதித்துப் பார்க்க விரும்பும் ஆய்வாளர் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, ஒருவர் பணிபுரியும் நிறுவனத்தை அடையாளங்காட்டுவதில்லை. தொழிலாளரையும் நிறுவனத்தையும் இணைக்கும் பதிவுகள் வருங்கால வைப்பு நிதி அமைப்பிடமும் வருமானவரித் துறையிடமும் உள்ளன. முன்னதில் பலரின் பங்களிப்பு 15,000 ரூபாய் வரம்போடு நின்றுவிடுவதால் உண்மையான ஊதியம் மறைந்துவிடும். பின்னதோ வரிப் பிடித்தத்திற்கு உட்பட்டோரை மட்டுமே முழுமையாகக் காட்டும். குறைகள் இருப்பினும் இரண்டையும் சேர்த்தால் ஒரு தொடக்கம் கிடைக்கும். ஜெர்மனியின் வேலைவாய்ப்பு ஆய்வு நிறுவனம், சமூகக் காப்பீட்டுப் பதிவுகளை அடையாளம் நீக்கி, கட்டுப்பாடுகளுடன் ஆய்வாளர்களுக்கு வழங்கிவருகிறது. தனியுரிமையைக் காத்துக்கொண்டே இதைச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

தொழிலாளரைப் பற்றிய தரவு நிறுவனங்களிடம் குவிகிறது. அதன் விளைவை அளக்கும் தரவு அரசிடம் பூட்டிக் கிடக்கிறது. முதற்பூட்டைத் திறக்க நெடுங்காலம் ஆகலாம். இரண்டாவதைத் திறக்க ஓர் அரசு முடிவு போதும். அதை நாம் கேட்கத் தொடங்கவேண்டும்.