பரீட்சை தொழிலாளி மகனுக்கு மட்டும்தானா?

ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்பு இரண்டு வருஷம். டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் அப்படியே. பத்தாவது தேறியவன் சேரலாம். சேர்ந்தவன் சர்ட்டிபிகேட்டோடு வெளியே வர என்ன செய்யவேண்டும்? நூற்றுக்கு 80 ஆஜர் இருக்கவேண்டும். செய்முறைப் பரீட்சையில் நூற்றுக்கு 60 வாங்கவேண்டும். வருஷம் பூராவும் பட்டறையில் போடும் மார்க்கிலும் 60 வேண்டும். ஏட்டுப் பாடத்துக்கு 33 போதும். அதைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதவேண்டும். இவ்வளவும் தாண்டினால்தான் தேசியத் தொழிற் சான்றிதழ்.

இந்த நிபந்தனைகளைத் தளர்த்து என்று நாம் கேட்கவில்லை. கடைசல் மிஷினில் கணக்குத் தப்பினால் சாமான் கெடும், விரலும் போகும். மின்சாரத்தில் தப்பினால் உயிரே போகும். ஏட்டுக்கு 33, கைக்கு 60 என்று வைத்தவன் தொழில் தெரிந்தவனாகத்தான் இருக்கவேண்டும். நம் வழக்கு வேறு. இந்தப் பரீட்சை ஒரு கட்சிக்காரனுக்கு மட்டும் நடக்கிறதே, ஏன்?

யார் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பட்டறைக்கு வருகிறார்கள்? தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரத்தைப் பாருங்கள். சாணிப்பாலையும் சவுக்கடியையும் செங்கொடியின் கீழ் நின்று ஒழித்த பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1953ல் ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில் என்றார். தமிழகம் கொதித்தது, 1954ல் அந்தத் திட்டம் செத்தது. அப்பன் தொழிலைத் தவிர வேறு தொழில் கற்கும் உரிமை அப்படி வந்த உரிமை, யாரும் போட்ட பிச்சையல்ல. இன்று வயலில் அறுப்பு மிஷின் இறங்கிவிட்டது. ஐம்பது பேர் அரிவாளோடு இறங்கிய வயலை அது ஒரு பொழுதில் முடித்துவிட்டுப் போகிறது. பையன் ஐ.டி.ஐ.க்குப் போகாமல் எங்கே போவான்?

அந்த வீட்டில் 80 சதம் ஆஜர் என்றால் என்ன பொருள்? மாதத்தில் 25 நாள் பட்டறை என்றால் 5 நாள் தவறலாம், ஆறாவது நாள் தவறினால் கணக்கு உதைக்கும். சம்பா நடவுக்கு ஆள் கூப்பிடும்போது ஆத்தாள் காய்ச்சலில் படுத்தால் அந்த ஐந்து நாளும் ஒரே வாரத்தில் போய்விடும். பயிற்சி காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கிடைப்பதை இல்லையென்று சொல்லமாட்டோம். ஆனால் அதை வைத்து ஒரு வீடு மாதம் ஓட்டுமா? வீட்டுக்காரியைக் கேளுங்கள், அவள் சிரிப்பாள்.

சரி, இவ்வளவையும் தாண்டித் தேறிவிட்டான். அடுத்து அப்ரண்டீஸ். இங்கேதான் தோழர்கள் கண்ணை அகல விரித்துப் பார்க்கவேண்டும்.

1961ம் வருஷத்து அப்ரண்டீஸ் சட்டத்தின் 18வது ஷரத்து என்ன சொல்கிறது? அப்ரண்டீஸ் என்பவன் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல. அந்தச் சட்டத்தில் தனியாகச் சொன்னவை நீங்கலாகத் தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தா! ஓட்டுவது அதே மிஷின். அந்த எண்ணெய், அந்தச் சூடு, அந்த ஷிப்டு எல்லாம் அதேதான். பக்கத்தில் நிற்பவன் தொழிலாளி, இவன் மட்டும் மாணவன்! 2019ல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ. சான்றிதழ்காரனுக்குக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்சத் தொகை மாதம் 7,000 ரூபாய். ஐந்து வருஷம் கழித்து 2024 ஏப்ரலிலும் அதே 7,000தான். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 270 ரூபாய்கூட வராது. அதே ஏப்ரலில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319 ரூபாய். ஏரியில் மண் வெட்டும் ஆத்தாளுக்கு நிர்ணயித்ததைவிட, இரண்டு வருஷம் படித்துச் சர்ட்டிபிகேட் வாங்கிய மகனுக்கு நிர்ணயித்தது குறைவு. ஆத்தாளின் கூலியே போதாது என்பது வேறு கதை.

அப்ரண்டீஸ் முடிந்தால் வேலை உண்டா? முதலாளியைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. 2014ல் ஒரு திருத்தம் வந்தது: வேலைக்கு எடுப்பதுபற்றி ஒவ்வொரு முதலாளியும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளவேண்டுமாம். நரியைக் கூப்பிட்டுக் கோழிக்கூண்டுக்கு விதி எழுதச் சொன்ன மாதிரி! அதே திருத்தத்தில், சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத்தண்டனையையும் எடுத்துவிட்டார்கள். இனி அபராதம் கட்டினால் போதும். பையன் ஒரு மார்க் குறைந்தால் பெயில், முதலாளி சட்டத்தையே மீறினாலும் அபராதத்தோடு பாஸ்.

இந்த லட்சணத்தில், “படித்துவிட்டு வருகிறவர்களுக்குத் திறமை போதவில்லை” என்று மாநாடு கூட்டிப் பேசுகிறார்கள் ஆலை அதிபர்கள். திறமை போதாதவன் எப்படி ஐயா ராத்திரி ஷிப்டில் உங்கள் மிஷினை ஓட்டுகிறான்? உற்பத்திக் கணக்கு எழுதும்போது அவன் தொழிலாளி, சம்பளக் கணக்கு எழுதும்போது அவன் கற்றுக்குட்டி!

இது நமக்குப் புதிய தந்திரமல்ல. 1928ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம், போத்தனூர் பட்டறைகளைப் பொன்மலையோடு சேர்க்கப் போவதாகச் சொல்லி, மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பத் திட்டம் போட்டது. யாரை வைத்துக்கொள்வது, யாரைத் தள்ளுவது என்று பொறுக்க அது கையில் எடுத்த கருவி எது? தொழில் பரீட்சை! வருஷக்கணக்காக அந்தப் பட்டறையில் இரும்பை உருக்கியவர்களுக்குப் பரீட்சை! தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது, ரயில்கள் நின்றன. தடியடியும் துப்பாக்கியும் வந்தன, தோழர் சிங்காரவேலர் சிறை சென்றார். அந்தத் தொழிலாளிகள் தொழில் தெரியாமல் பயந்தவர்கள் அல்ல. கம்பெனி தேடியது திறமையை அல்ல, ஆளைக் கழிக்க ஒரு சாக்கை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பையனுக்கு இருக்கிற மாதிரி மற்ற இருவருக்கும் நிபந்தனை வையுங்கள் என்கிறோம். சர்க்காருக்கு ஆஜர் வேண்டும்: வாத்தியார் இல்லாமல், அராவ இரும்புத் துண்டு இல்லாமல் ஒரு பிரிவையும் நடத்தக்கூடாது, அப்படி நடத்திய நாளைப் பையன் கணக்கில் ஏற்றக்கூடாது. 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பிக்க 2,877 கோடி ரூபாய் திட்டம் போட்டவர்களுக்கு இது பெரிய காரியமல்ல. நடவு, அறுப்புக் காலத்தில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகையைக் கூட்டிக் கொடுக்கவேண்டும். முதலாளிக்குச் செய்முறை வேண்டும்: உற்பத்தியில் நிறுத்திய அப்ரண்டீஸுக்கு அந்த வேலைக்குரிய குறைந்தபட்சக் கூலி, பயிற்சி முடித்தவனுக்கே காலியிடத்தில் முதல் உரிமை. 18வது ஷரத்தைத் திருத்தாமல் இது நடக்காது. அது தானாகவும் திருந்தாது.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அப்ரண்டீஸ் பையனைச் சங்கத்துக்குச் சம்பந்தமில்லாதவன் என்று ஒதுக்காதீர்கள். இன்று அவனுக்குக் கொடுக்கும் கூலிதான் நாளை உங்களுக்கும் என்பதை மானேஜர் அறிவார். ஒவ்வொரு ஆலையிலும் எத்தனை அப்ரண்டீஸ், எத்தனை பேர் தனியாக மிஷினில் நிற்கிறார்கள், ராத்திரி ஷிப்டில் எத்தனை பேர், போன வருஷம் முடித்தவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தார்கள் என்று கணக்கெடுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்தக் கணக்கைப் படித்துவிட்டு, அந்தப் பையன்களையும் மேடைக்கு முன்னால் உட்காரவையுங்கள்.