காபி என்ன பாவம் செய்தது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டியாச்சு. கூனிமேடு வருகிறது. ‘‘வண்டியை ஓரங்கட்டுப்பா, ஒரு காபி குடிச்சுட்டுப் போலாம்’’ என்கிறார் அப்பா.

வண்டியில் ஐந்து பேர். அப்பாவுக்கு சுகர். அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். உங்களுக்குப் பால் குடித்தால் வயிறு கடமுடா. தம்பி சாயங்காலம் காபி குடித்தால் ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். தங்கச்சி ஐந்து மாத கர்ப்பிணி; ரத்தசோகை என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கடைக்காரர் என்ன செய்கிறார்? ஐந்து தம்ளரை வரிசையாக வைக்கிறார். ஐந்திலும் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை. அப்புறம் டிகாஷன். மேலே பால். ஐந்து உடம்புக்கும் ஒரே காபி!

மறுநாள் காலையில் ஐந்து பேருக்கும் ஐந்து விதமான தொந்தரவு. ஆனால், தீர்ப்பு மட்டும் ஒன்றுதான்: ‘‘எனக்குக் காபி ஒத்துக்கலை!’’

டாக்டரிடம் போனால் அவரும் தலைநிமிராமல் சொல்லிவிடுகிறார்: ‘‘காபி, டீ எல்லாம் நிறுத்திடுங்க.’’ என்ன காபி, எத்தனை மணிக்கு, எதைப் போட்டு... ஒரு கேள்வி கிடையாது. விசாரணையே இல்லாமல் தண்டனை!

காபிக்கு இது புதுசு இல்லை. 1511-ல் மெக்காவில் தடை போட்டார்கள். 1675-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், காபிக் கடைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டு, ஜனங்கள் போட்ட கூச்சலில் சில நாட்களிலேயே வாபஸ் வாங்கினார். அதற்குக் கொஞ்ச வருஷம் கழித்து, 1680-களில், அதே இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நம்ம கூனிமேட்டில் வந்து பண்டகசாலை போட்டார்கள். வாயில் நுழையாமல் ஊர்ப் பெயரை ‘கனிமீர்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள் என்பது தனிக்கதை.

நம் காலத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, காபியால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரலாம் என்று 1991-ல் சந்தேகப் பட்டியலில் வைத்தது. 25 வருஷம் கழித்து, 2016-ல், போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லி அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதே நேரத்தில் இன்னொன்றையும் சொன்னது: எந்தப் பானமாக இருந்தாலும் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் உணவுக்குழாய்க்கு ஆபத்து வரக்கூடும். அதாவது, சூடுதான் சந்தேகத்துக்குரியது. நம் பாட்டிமார்கள் தம்ளரோடு டபராவையும் சேர்த்து எதற்குக் கொடுத்தார்கள்? ஆற்றிக் குடிக்கத்தானே! டபராவைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேப்பர் கப்பில் ஆவி பறக்க வாங்கி நாக்கைச் சுட்டுக்கொள்வது யார் குற்றம்?

சரி, தம்ளருக்குள் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்போம்.

முதல் ஆசாமி சர்க்கரை. நான் பி.காம். படித்தவன். கணக்குப் பார்க்காமல் பேசத் தெரியாது. ஒரு தம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 10 கிராம். ஒரு நாளைக்கு நாலு தம்ளர் என்றால் 40 கிராம். மாதம் 1,200 கிராம். வருஷத்துக்கு 14 கிலோ 600 கிராம். நாலு பேர் உள்ள வீட்டில் 58 கிலோ... ஒரு மூட்டைக்கு மேல்! இது ஸ்வீட், பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ் எதையும் சேர்க்காமல், வெறும் காபிக் கணக்கு. சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ம் வருட வழிகாட்டுதல். காபியிலேயே அதைத் தாண்டிவிட்டு, பழியைக் காபிக்கொட்டை மேல் போட்டால் எப்படி?

இதை நான் கூனிமேட்டில் நின்றுகொண்டு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வருவது புதுச்சேரி. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, புதுச்சேரியில் வயதுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு நீரிழிவு. நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேர். இப்படிப்பட்ட சாலையில், யார் எவர் என்று கேட்காமலே சர்க்கரையைத் தம்ளரின் அடியில் போட்டு வைப்பது என்ன நியாயம்?

இதைவிட மோசம் ஒன்று உண்டு. சாலை நெடுகப் பலகை பார்த்திருப்பீர்கள். ‘கருப்பட்டி காபி’, ‘நாட்டுச் சர்க்கரை காபி’. சில இடங்களில் வாய் கூசாமல், ‘‘சுகர் உள்ளவங்க தாராளமா குடிக்கலாம் சார்’’ என்கிறார்கள். இது பச்சைப் பொய்! கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது, மணம் இருக்கிறது, பனையேறிக்குப் பிழைப்பு இருக்கிறது. அதற்காக வாங்கிக் குடியுங்கள், பிடித்தால் கொண்டாடுங்கள். ஆனால், மருந்து என்று நம்பிக் குடிக்காதீர்கள். ரத்தத்துக்குள் போனபிறகு அது வெள்ளைச் சர்க்கரையா, பழுப்புச் சர்க்கரையா என்று உடம்பு நிறம் பார்க்காது. சுக்கு காபி கதையும் இதுதான். அதில் காபிக்கொட்டையே கிடையாது. சுக்கு, மல்லியோடு கருப்பட்டி கணிசமாக இருக்கும். ‘கஷாயம் மாதிரி, உடம்புக்கு நல்லது’ என்று இரண்டு தம்ளர் குடிக்கும் சுகர்காரர், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார்.

இரண்டாவது ஆசாமி பால். வளர்ந்தபிறகு, பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோவது உலகத்தில் பெரும்பான்மை மனிதர்களுக்கு இயல்பு. அது வியாதி இல்லை. ஒரு தம்ளர் காபியில் இருக்கும் பாலைப் பலர் தாங்கிவிடுவார்கள். சிலருக்கு அதுவே வெறும் வயிற்றில் உப்புசம், இரைச்சல், அவசரம். அவர்களுக்குப் பாதாம் பால், ஓட்ஸ் பால் என்று பெரிய ஊர் கஃபேக்களில் தனிக் காசு வாங்கிக்கொண்டு கலந்து தருகிறார்கள். முடிந்தவர்கள் குடிக்கட்டும். முடியாதவர்களுக்கு நம்ம ஊரிலேயே இருக்கிறதே கடுங்காபி! ‘அது ஏழைகள் குடிப்பது, துக்க வீட்டில் கொடுப்பது’ என்று நாம்தான் ஒதுக்கி வைத்தோம். அதையே கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி வாயில் நுழையாத பெயர் வைத்தால் கைநீட்டி வாங்குகிறோம்.

பாலும் சர்க்கரையும் இல்லாமல் கசக்கிறதா? உப்பு விளையும் ஊரில் நின்றுகொண்டு உப்பை மறக்கலாமா? நாலைந்து உப்புக் கற்கள், சிட்டிகைகூட வேண்டாம். உப்பு கசப்பை அமுக்கும். நாக்கு செய்கிற வேலை இது. நம்பாவிட்டால் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். பி.பி. உள்ளவர்கள் அதையும் அன்றைய உப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆசாமி சிக்கரி. இவர்தான் மர்ம மனிதர். காபித்தூளில் 49 சதவிகிதம் வரை சிக்கரி கலக்கச் சட்டம் அனுமதிக்கிறது. பாக்கெட்டில் எத்தனை சதவிகிதம் என்று அச்சிட்டே ஆகவேண்டும். சிக்கரியில் கஃபீன் கிடையாது. ஆகவே, தூக்கம் கெடுகிற உங்கள் தம்பிக்குச் சிக்கரி கூடுதலாக உள்ள காபி நண்பன். ஆனால், அதில் இன்யூலின் என்ற நார்ச்சத்து உண்டு. வாயுத் தொந்தரவு உள்ள சிலருக்கு அது எதிரி. ஒரே பொருள் ஒருவருக்கு நல்லது, பக்கத்தில் இருப்பவருக்கு ஆகாது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்தால்தானே எது தனக்கு என்று முடிவு செய்ய முடியும்?

உப்பைப் பாருங்கள். அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிடுவதற்கு விற்கக்கூடாது என்று 2006 முதல் நாடு முழுக்கத் தடை. கடைக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்கவேண்டும் என்று கணக்கு. அது சரியா, தப்பா என்று வாதம் செய்பவர்கள் உண்டு. ஆனால், உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிகிறது. பத்து கிளைகளோ அதற்கு மேலோ உள்ள பெரிய ஓட்டல்கள் மெனுவில் கலோரிக் கணக்கு போடவேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. ஆனால், நீங்களும் நானும் தினமும் குடிக்கும் சாலையோரத் தம்ளருக்கு ஒரு விதியும் இல்லை.

சின்னக் கடைக்காரர் மேல் இன்ஸ்பெக்டரை ஏவிவிடச் சொல்லவில்லை. அவர் பாவம், விடிகாலையில் அடுப்பு பற்றவைப்பவர். நான் கேட்பது இரண்டே காரியம். ‘‘சர்க்கரை போடவா?’’ என்று ஒரு கேள்வி. சுவரில் சாக்பீஸால், ‘சிக்கரி இத்தனை’ என்று ஒரு வரி. காலணா செலவு உண்டா?

கடைசியாக, காபியையே விசாரிப்போம். அது ஒன்றும் அப்பாவி இல்லை. கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு அதைவிட அதிகம். 2024-ல் வெளியான ஐ.சி.எம்.ஆரின் உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீனைத் தாண்டாதீர்கள் என்கிறது. 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 வரை, இன்ஸ்டன்ட்டில் 50 முதல் 65 வரை என்று கணக்கும் கொடுத்திருக்கிறது. கர்ப்பிணிகள் 200-க்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன பல நாட்டு மருத்துவ அமைப்புகள். நெஞ்சு படபடப்பு, கடுமையான நெஞ்செரிச்சல் என்று டாக்டர் விசாரித்து நிறுத்தச் சொன்னால், நிறுத்தத்தான் வேண்டும்.

அடுத்தது, நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. இவை சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21). விடியுமுன் உப்பளத்தில் இறங்கும் ஒரு பெண், அரசாங்கம் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு முழுங்கினால், மாத்திரையின் பலனில் பெரும்பகுதி வீண். இதை மாத்திரை கொடுக்கும்போதே யாராவது அவருக்குச் சொல்ல வேண்டாமா? தைராய்டு மாத்திரையும் அப்படித்தான். வெறும் தண்ணீரில் முழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. அம்மா காபியை விடவேண்டியதில்லை. கொஞ்சம் காத்திருந்தால் போதும்.

‘‘எதுக்கு வம்பு, ஒரேயடியா விட்டுடறேன்’’ என்று கிளம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பிக்கும். ரம்ஜான் நோன்பின் முதல் நாளிலும், ஏகாதசி விரதத்திலும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அது வியாதி இல்லை, பழக்கம் இழுக்கிற இழுப்பு. குறைப்பதென்றால் தம்ளரின் அளவைச் சின்னதாக்கி, படிப்படியாகக் குறையுங்கள்.

அதைவிட நல்ல வழி சொல்கிறேன். ஒரு வாரம் சர்க்கரையை மட்டும் நிறுத்துங்கள். அடுத்த வாரம் பாலை. அதற்கடுத்த வாரம் சிக்கரி இல்லாத தூள். அப்புறம் மத்தியானத்துக்கு மேல் காபி கிடையாது என்று ஒரு வாரம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எந்த வாரம் உடம்பு லேசாக இருந்ததோ, உங்கள் எதிரி யார் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். சுகர் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. ‘வித்தவுட்’ ஒன்றுதான் வழி.

இதெல்லாம் செய்தாலும் ஒரு தடை பாக்கி இருக்கிறது. சொந்தக்காரர் வீடு! ‘‘அட, குடிங்க மாப்ளே... ஒரு நாள்ல என்னா ஆயிடப் போவுது?’’ என்று மாமியார் வீட்டில் தம்ளரை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு. குடித்தால் உடம்புக்குக் குறைவு. விருந்தாளியின் உடம்பைக் கேட்டுவிட்டுக் கலப்பதுதான் மரியாதை என்று நாம் எப்போது பழகப்போகிறோம்? சாதம் பரிமாறும்போது ‘‘இன்னும் போடவா?’’ என்று கேட்கிறோமே, காபிக்கு மட்டும் ஏன் கேட்க மறுக்கிறோம்?

நீங்களும் கூச்சப்படாதீர்கள். ‘‘அண்ணே, எனக்கு வித்தவுட். அவங்களுக்குப் பால் இல்லாம’’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் சர்க்கரையைத் தனியாக வைப்பார். நாற்பது பேர் கேட்டால் அதுவே அந்தக் கடையின் வழக்கமாகிவிடும்.