வரைபடத்தில் இல்லாத கழிமுகம்

வட சென்னையைப் பற்றிக் கதை எழுத ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கதையைத் தொடங்கும் முன் பத்து ரூபாய்க்கு ஒரு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்குங்கள்.

கிண்டல் இல்லை. கானா, கேரம், பாக்ஸிங், கத்தி, கடைசிப் பக்கத்தில் அனல்மின் நிலையப் புகை என்று எங்கள் ஏரியாவை எழுதி எழுதித் தேய்த்துவிட்டோம். திருவொற்றியூர்க்காரனாக அந்தக் கதைகளில் பலதை ரசித்துப் படித்தவன்தான் நான். ஆனால் அவற்றில் புகை எப்போதும் வானிலை மாதிரி வருகிறது. மழை பெய்கிறது, புகை வருகிறது, அவ்வளவுதான். யாரும் அதற்குக் கையெழுத்துப் போடாதது போல. போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு புகைபோக்கிக்கும் ஒரு அனுமதி ஆணை, அதில் ஒரு தேதி, நிபந்தனைகள், கீழே ஒரு அதிகாரியின் கையெழுத்து உண்டு. வட சென்னையின் கதை பாதி அந்தக் கோப்புகளில்தான் கிடக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் என் புகார்.

படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு எண்ணூரே சாட்சி. மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் தந்த கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில், எண்ணூர் கழிமுகமும் சுற்றியுள்ள உப்பளங்களும் அலையாத்திகளுமாக ஏறத்தாழ 6,500 ஏக்கர், எதுவும் கட்டக் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. மாநில அதிகாரிகள் கைவசம் வைத்திருந்த 2009-ஆம் ஆண்டு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. தண்ணீர் இருந்த இடம் வெறும் நிலமாக நிற்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே ஆவணங்களைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 2017-ல் ஊரறியச் சொன்னார்கள் செயற்பாட்டாளர்களும் மீனவர்களும். காட்டுக்குப்பத்துக்காரர் தினமும் வலை வீசும் தண்ணீர், காகிதத்தில் இல்லை!

இந்த இடத்தில் நாம் பொதுவாக மனு போட்டவர்களைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த வரைபடத்தை ஏன் கேட்டு வாங்க வேண்டியிருந்தது? 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே அரசு தானாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறது. மக்களைப் பாதிக்கும் முடிவை அறிவிக்கும்போது தொடர்புடைய எல்லா உண்மைகளையும் வெளியிட வேண்டும் என்று 4(1)(இ) சொல்கிறது. துறைமுகத்துக்கும் சாம்பல் குட்டைக்கும் நடுவில் வாழ்கிறவரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் வரைபடம் குப்பத்து நூலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதை மனு போட்டுப் பெறுவதை நாம் வெற்றி என்று கொண்டாடுகிறோம். என்னைக் கேட்டால், மனு போட வேண்டி வந்ததே அரசின் தோல்வி.

"சரி, ஆர்டிஐ போட்டு என்னப்பா ஆச்சு? சாம்பல் நின்னுச்சா?"

நிற்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி முகத்துவாரம் வரை படிந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காகிதம் எண்ணெயைத் தடுக்காது. ஆனால் காகிதம் இல்லாவிட்டால் "இங்க கழிமுகமே இல்லையே" என்று சொல்பவனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? தீர்ப்பாயத்தில் போய் நின்றால் அவர்கள் கேட்பது உன் கண்ணீரை அல்ல, ஆவணத்தை.

இந்த உரிமை கவிஞர்கள் கண்ட கனவிலிருந்து வரவில்லை. ராஜஸ்தானில் கூலித் தொழிலாளர்கள், தங்கள் பெயரில் யார் சம்பளம் வாங்கினார்கள் என்று பார்க்க வருகைப் பதிவேட்டைக் கேட்டார்கள். 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். தமிழ்நாடு 1997-லேயே நாட்டின் முதல் தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றிவிட்டது என்று நாம் பெருமைப்படலாம். அதில் விதிவிலக்குகள் மட்டும் இருபதுக்கு மேல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கதவை முதலில் வைத்தவர்கள் நாம்தான், பூட்டோடு சேர்த்து.

இப்போதைய சட்டத்தில் திறந்திருக்கும் கதவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒருவரி மழுப்பல்தான் வரும். எனக்கும் ஒரு அலுவலகத்திலிருந்து அப்படி வந்திருக்கிறது. "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையிலான ஆய்வு அறிக்கைகளின் நகல்" என்று கேளுங்கள். தனியார் ஆலையிடம் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் சட்டப்படி அந்த ஆலையிடமிருந்து ஓர் அரசு அமைப்பு பெறக்கூடிய தகவல் எல்லாம் 2(f)-க்குள் வரும். எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். கோப்பை நேரில் போய்ப் பார்க்கவும் உரிமை உண்டு. முப்பது நாளில் பதில் வர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். வரவில்லையா, முதல் மேல்முறையீடு. அதுவும் சரிப்படவில்லையா, தகவல் ஆணையம். தாமதத்துக்கு அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் விதிக்கலாம்.

கதவை மறுபடி சாத்தும் வேலையும் நடக்கிறது. 2019 திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசின் கைக்குள் கொண்டுபோனது. 2023-ன் தனிநபர் தரவுச் சட்டம் 8(1)(j)-ஐச் சுருக்கி எழுதி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்க வழி செய்தது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. ஆனால் அதைத் தீர்மானிப்பது அதே அதிகாரிதான். அனுமதி ஆணையின் கீழே இருக்கும் பெயரும் நாளை 'தனிநபர் தகவல்' ஆகாது என்று யார் உத்தரவாதம் தருவார்?

ஆபத்தும் உண்டு. கிர் காட்டைச் சுற்றிச் சட்டவிரோதச் சுரங்கங்களைக் கேள்வி கேட்ட அமித் ஜேத்வா, 2010-ல் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால்தான் தனியாகப் போடாதீர்கள் என்கிறேன். ஒரே ஆவணத்தைப் பத்துப் பேர் பத்து மனுவில் கேளுங்கள். ஒருவரை மிரட்டலாம், ஒரு வாசகர் வட்டத்தையே மிரட்டுவது கஷ்டம்.

வாசகர் வட்டம் என்று யோசித்துத்தான் சொல்கிறேன். நெருக்கமாக வாசிக்க, சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க, இரண்டு பிரதிகளை ஒப்பிடப் பழகியவர்கள் நாம். எண்ணூரின் இரண்டு வரைபடங்களுக்குத் தேவைப்பட்டதும் அதே வாசிப்புதான். மாதத்துக்கு ஒரு நாவல் பேசும் கூட்டத்தில் ஒரு மாதம் ஒரு கோப்பைப் பேசுங்கள். பிறகு வட சென்னையைப் பற்றி எழுதுங்கள். அந்தக் கதையில் புகை வந்தால், யார் அனுமதித்த புகை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.