லோக்காப் மரணங்கள்: இன்னொரு கணக்கும் வேண்டும்

லோக்காப்பில் ஒருவர் இறந்தால் நம்மிடையே முதலில் எழும் கேள்வி, இந்தியர் எத்தனை பேர் என்பதுதான். மேடைக்கு அது போதும். இறந்தவரின் தாய்க்குப் போதாது.

2000 முதல் 2004 வரை போலீஸ் காவலில் 80 பேர் இறந்ததை, துன் முகமட் ஜைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இல் பதிவு செய்தது. ஐபிசிஎம்சி வேண்டும் என்ற பரிந்துரையும் அந்த அறிக்கையில்தான் வந்தது. ஆனால் 80 என்பது இறந்தவர்களின் கணக்கு மட்டுமே.

காவலில் நேரும் மரணத்துக்கு மரண விசாரணை நடத்தச் சொல்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆவது பிரிவு. எத்தனை மரணங்களுக்கு அது நடந்தது, எத்தனை மாதம் பிடித்தது, யார் மீதாவது குற்றம் சாட்டப்பட்டதா? இந்த விவரங்கள் பெரும்பாலும் நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டால்தான், அதுவும் துண்டு துண்டாக வெளிவருகின்றன.

2009-இல் இறந்த குகனுக்கு, நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது முதல் சவப் பரிசோதனை. குடும்பம் விடாமல் போராடிப் பெற்ற இரண்டாவது பரிசோதனைதான் உடலெங்கும் இருந்த அடிக்காயங்களைக் காட்டியது. 2013-இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அப்படிக் கேட்கலாம் என்றே தெரியாமல் உடலை வாங்கிச் சென்ற தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ! லோக்காப் வாரியாக, விசாரணை நிலையோடு ஆண்டுதோறும் பட்டியல் வெளியானால், அந்த எண்ணிக்கையாவது தெரியவரும்.