மாற்றிய சிறுநீரகமும் மறைந்து வரும் காய்ச்சலும்

உயர்தர வகுப்பில் என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி, தந்தையாரின் அந்தியேட்டி முடிந்து பாடசாலைக்குத் திரும்பிய அன்று, பாடம் முடிந்தபின் என் மேசையருகே வந்து நின்றாள். "சேர், அப்பாவின்ரை கிட்னி கடைசி நாள் மட்டும் நல்லாய் வேலை செய்ததெண்டு டொக்டர் சொன்னவர். பிறகேன் சேர் அப்பா மோசம் போனவர்?" என்று கேட்டாள். நான் வைத்தியனல்லன், உயிரியல் கற்பிப்பவன். எனினும் அந்த வினாவைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. அவளும் அவளுடைய தாயாரும் இசைந்தபடியால், அவளுக்குக் கூறியவற்றை இவ்வாரம் உங்களுக்கும் கூறுகின்றேன்.

அந்த மனிதருக்குச் சிறுநீரகம் ஈந்தவர் அவருடைய தங்கையார். சத்திரசிகிச்சை நன்கு நிறைவேறிற்று. ஐந்து மாதம் வரை அவர் தோட்டத்துக்குச் சென்று வந்தார். வீட்டில் பழைய சிரிப்பும் திரும்பியது. பின்னர் ஒருநாள் வறட்டு இருமல் தொடங்கியது. படியேறினால் மூச்சு வாங்கியது. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 99 பாகைக்குச் சற்றே மேல். "இது ஒரு காய்ச்சலா?" என்று மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்தார்கள், மருந்துக் கடையில் இருமல் பாணி வாங்கினார்கள். நான்கு நாட்கள் கழிந்தன. ஐந்தாம் நாள் உதடு நீலம் பாரித்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது நுரையீரல் இரண்டிலும் தொற்று நிறைந்திருந்தது.

இதில் யாரை நோவது? நம்மில் எவர் வீட்டிலும் இவ்வாறே நடந்திருக்கும்.

விடை தேடுவதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1954ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆந் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், பீற்றர் பென்ற் பிறிகாம் வைத்தியசாலையில், ஜோசப் மறே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் றொனால்ட் ஹெறிக் என்பவரின் சிறுநீரகம் ஒன்றை அவருடைய இரட்டைச் சகோதரர் றிச்சர்டுக்குப் பொருத்தினார். றிச்சர்ட் அதன்பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையராதலால், வந்த உறுப்பை உடல் அந்நியமென்று அறியவில்லை. அதனை ஏற்றுக்கொள்ளச் செய்வதற்கு மருந்தொன்றும் தேவைப்படவில்லை.

ஆயின் எல்லார்க்கும் இரட்டைப் பிறவி வாய்க்குமோ? பிறர் சிறுநீரகத்தைப் பொருத்தினால், குருதியிலுள்ள வெண்குழியங்கள் அதனைப் பகையென்று கண்டு அழித்துவிடும். இந்தக் காவலரை அடக்குவதற்கு 1958 முதல் அதே வைத்தியசாலையில் நோயாளரின் உடல் முழுவதிலும் கதிர்வீச்சைச் செலுத்திப் பார்த்தனர். 1959இல் இருகரு இரட்டையர் ஒருவர் அதில் தப்பி நெடுநாள் வாழ்ந்தார். மற்றையோருள் மிகப் பெரும்பாலோர் மாண்டனர். கிருமியை எதிர்க்க அவர்கள் உடலில் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. கதிர்வீச்சின் இடத்தை 1962இல் அசத்தியோப்பிரின் என்ற மாத்திரை பிடித்தது. நோர்வே நாட்டு மேட்டுநிலம் ஒன்றின் மண்ணிற் கிடைத்த பூஞ்சணத்திலிருந்து சைக்குளோஸ்போரின் பிறந்தது. 1978இல் கேம்பிரிட்ஜில் றோய் கான் அதனை நோயாளருக்கு வழங்கினார். 1984இல் யப்பானிய மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்றிலிருந்து தக்குரோலிமஸ் கண்டுபிடிக்கப்பட்டது. காலில் ஒட்டினால் தட்டிவிடுகிறோமே, அந்த மண்ணுக்கு எத்தனை சிறுநீரகங்கள் கடன்பட்டிருக்கின்றன!

மருந்துகள் எவ்வளவோ நயமடைந்துவிட்டன. ஆனால் அடிப்படைச் சங்கடம் 1958இல் இருந்தவாறே இருக்கின்றது. சிறுநீரகத்தை அந்நியமென்று காணும் கண்ணும், கிருமியை அந்நியமென்று காணும் கண்ணும் ஒன்றே. ஒன்றை மறைத்தால் மற்றதும் மறையும்.

இங்கே மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காய்ச்சலைக் கிருமி நேரே உண்டாக்குவதாகவே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. கிருமியைக் கண்ட வெண்குழியங்கள் சில இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அவை மூளைக்குச் சென்று உடலின் வெப்பத்தை உயர்த்துகின்றன. சளி, சீழ், வீக்கம் யாவும் பெரும்பாலும் நம் படையின் ஆரவாரமே. படையை மருந்தால் அடக்கிவிட்டால் ஆரவாரமும் அடங்கும், பகைவன் அடங்கான். பிரெட்னிசொலோன் உண்பவருக்கு 99 பாகை காட்டும் வெப்பமானி, மற்றவருக்கு 103 காட்டியிருக்கக்கூடும். என் மாணவியின் வீட்டார் வெப்பமானியைச் சரியாகத்தான் பார்த்தார்கள். அது சொன்னதற்கு அவ்வீட்டிற் பொருள் வேறாக இருந்தது.

இத்தொற்றுக்கள் வருவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் மாதத்தில் வருபவை சத்திரசிகிச்சை பெற்ற எவருக்கும் வரக்கூடியவை: காயத்தில் சீழ், சிறுநீர்க் குழாய் வழித் தொற்று, நுரையீரல் அழற்சி போன்றவை. வைத்தியசாலையில் இருக்கும்போதே வருவதால் அவை பெரும்பாலும் உடனே கண்டறியப்படுகின்றன. ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் பின்னர், மருந்தின் அளவு குறைந்து உடல் ஒருவாறு நிலைபெற்றால், ஊரில் எல்லார்க்கும் வரும் நோய்களே பெரிதும் வரும். இடைப்பட்ட காலமே கொடியது. நோயாளி வீட்டில் இருப்பார், நலமாகத் தோன்றுவார், மருந்தோ உச்சத்தில் நிற்கும்.

அக்காலத்தில் வருபவற்றுட் பல புதிதாக வெளியிலிருந்து வருபவையுமல்ல. சைற்றோமெகலோ வைரசு வளர்ந்தோர் பலருடைய உடலிற் சிறு வயது முதலே ஒளிந்திருப்பது. ஈந்தவரிடம் அஃது இருந்து, பெற்றவரிடம் இல்லாதிருந்தால், சிறுநீரகத்தோடு கூடவே குடிபுகுந்து பெருந்தீங்கு செய்யும். அதனாலேயே முன்கூட்டி மூன்று தொடக்கம் ஆறு மாதங்கள் வரை தடுப்பு மருந்து கொடுக்கின்றனர். சயரோகக் கிருமியும் பல்லாண்டுகள் நுரையீரலில் உறங்கிக் கிடந்து, காவல் தளர்ந்ததும் விழிக்கும். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் மெல்லிய புழு ஒன்று குடலிற் பல தசாப்தங்கள் வெளித்தெரியாமல் வாழ்வதுண்டு. பிரெட்னிசொலோன் உட்சென்றதும் அது பல்கிப் பெருகி, குடற்கிருமிகளையும் சுமந்துகொண்டு உடலெங்கும் பரவும். சத்திரசிகிச்சைக்கு முன்னரே சோதித்துப் பூச்சி மருந்து கொடுத்தால் அத்தோடு தீரும் காரியம் அது.

பீ.கே. வைரசின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 1971இல் சிறுநீரகம் மாற்றப்பெற்ற நோயாளி ஒருவரின் சிறுநீரிற் கண்டறியப்பட்டமையால், அவர் பெயரின் முதலெழுத்துக்களே அதற்குப் பெயராயின. அது குடியிருப்பதே சிறுநீரகத்தில். அதனை அழிக்கத் தக்க மருந்து இன்னும் கிடைத்திலது. செய்யக்கூடியது காவலரை அடக்கும் மருந்தைக் குறைத்தல் ஒன்றே. குறைத்தால் காவலர் விழித்து வைரசைத் துரத்துவர். அதிகம் விழித்தாற் சிறுநீரகத்தையும் துரத்துவர். வாரந்தோறும் குருதியைச் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் ஏற்றியும் இறக்கியும், தராசு முள்ளைப் பார்த்திருப்பவர்போல் வைத்தியர் காத்திருக்க வேண்டும்.

இத்தராசை நாம் அறியாமலே குழப்பிவிடவுங்கூடும். சயரோகத்துக்குக் கொடுக்கும் றிபாம்பிசின் என்ற மருந்து தக்குரோலிமஸின் அளவைக் குருதியில் வெகுவாகத் தாழ்த்திவிடும். தொண்டை நோவுக்கு வாங்கும் எறித்திரோமைசின் அதனை மேலேற்றிவிடும். மருந்துக் கடையில் "ஒரு காய்ச்சல் குளிசை தாருங்கோ" என்று கேட்டு வாங்குவது நம்மவர் வழக்கம். இவர்கள் வீட்டில் அவ்வழக்கம் ஆகாது. தடுப்பூசிகளிலும் உயிருள்ள கிருமியைக் கொண்டவை, சின்னமுத்துக்கும் கொப்பளிப்பானுக்கும் ஏற்றுவன போன்றவை, இவர்களுக்கு விலக்கு. ஏற்றுவதாயின் சத்திரசிகிச்சைக்கு முன்னரே உரிய இடைவெளி விட்டு ஏற்றிக்கொள்ளல் வேண்டும். நோய் பார்க்கப் போகும் நம் வழக்கத்தையும் சொல்லாமல் விடுதற்கில்லை. அன்பினாலேதான் போகிறோம், ஆனால் தடிமனும் இருமலுமாய், குழந்தை குட்டிகளோடு கட்டிலைச் சூழ்ந்து நிற்பதில் அன்பு எங்கே இருக்கிறது? தொலைபேசியில் நாலு வார்த்தை பேசினாற் போதும்.

இனி என் மாணவியின் தந்தையாரிடம் வருவோம். அவர் உயிரைக் கொண்டு சென்றது நியூமோசிஸ்ரிஸ் என்ற நுண்ணிய பூஞ்சணம். உடல்நலம் உடையோரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதனைத் தடுக்கக் கோ-டிரைமொக்சசோல் என்ற பழைய, மலிவான மாத்திரை உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஆறு மாதமோ ஓராண்டோ உண்ணும்படி வைத்தியர் பணிப்பர். அவருக்கும் பணித்திருந்தார்கள். சிறுநீரகத்துக்குரிய மாத்திரைகளை ஒரு வேளையேனும் தவறவிடாத அந்த மனிதர், இதனை மாத்திரம் ஒரு மாதமாக விட்டிருந்தார். உருவிற் பெரிதாய் இருந்தது, விழுங்கச் சிரமம், இது சிறுநீரகத்துக்குரியதுமன்று என்று எண்ணியிருக்கிறார். பெட்டியில் மிஞ்சிக் கிடந்த மாத்திரைகளைக் கண்டபோதுதான் தாயாருக்கு அது தெரியவந்தது.

இவற்றையெல்லாம் இரண்டு இடைவேளைகளில் அவளுக்குச் சொன்னேன். இடையில் ஒருமுறையும் அவள் அழவில்லை. கரும்பலகையில் நான் வரைந்த வெண்குழியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னர், "அத்தைக்கும் இப்ப ஒரு கிட்னிதானே சேர். அவவுக்கும் இப்பிடி வருமோ?" என்று கேட்டாள்.

வராது என்றேன். அத்தையார் அம்மருந்துகளில் ஒன்றையேனும் உண்பவரல்லர். அவர் கொடுத்தது சிறுநீரகத்தை மாத்திரமே, உடற்காவல் முழுதும் அவரிடமே இருக்கின்றது. ஆண்டுதோறும் குருதியமுக்கத்தையும் சிறுநீரையும் சோதித்துக்கொள்ளட்டும் என்றேன். அதனை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டாள், எழுதிக் கொடுத்தேன்.