விருந்தினர் போன பின் ஊருக்கு என்ன மிச்சம்?

பங்குனி தொடங்கி ஆடி வரை வட ஆற்காட்டுச் சீமையில் திரௌபதி அம்மன் கோயில்கள்தோறும் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார்; இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி எல்லாம் முடியும் வரை பிரசங்கியாரும் கூத்துக் குழுவினரும் ஊராரின் விருந்தினர்கள். தங்க இடம், உணவு, சம்பளம் அனைத்தும் ஊர் வரிப்பணத்திலிருந்தே. கலை நிறுவனங்கள் இன்று 'ரெசிடென்சி' என்ற பெயரில் நடத்தும் உறைவிடப் பணிக்காலத்தைச் சோளிங்கர் வட்டாரம் பெயரிடாமலே அறிந்திருக்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. பாரதத்தில் விருந்தினர் ஊருக்காகப் பாடுகிறார். புதிய உறைவிடத் திட்டங்களிலோ, வந்து தங்குபவரின் படைப்புக்கோ ஆய்வுக்கோதான் நிதி. இடம் கொடுத்த ஊர் வெறும் பின்னணி. ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சிப் பகுதி திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இல் எழுதிய நூலும், ரிச்சர்டு ஃபிராஸ்கா 1990-இல் தெருக்கூத்தைப் பற்றி எழுதிய நூலும் அரிய உழைப்பின் விளைவுகள். ஆனால் அவை ஆங்கிலத்தில் உள்ளன. அவர்களுக்கு இரவெல்லாம் ஆடிக்காட்டியவர்களில் எத்தனை பேர் அவற்றைப் படித்திருக்க முடியும்?

மாற்று வழிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும், ஆய்வாளராக நெதர்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி புருயினும் பிற கலைஞர்களுடன் இணைந்து உருவாக்கிய கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தொடங்கியது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் அது 2002 முதல் நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் தங்கிப் பள்ளிப்படிப்பையும் கூத்தையும் சேர்த்தே கற்றனர். மேடைக்காகச் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர் இராஜகோபால். அந்த இழப்பு அடுத்த தலைமுறைக்கு வேண்டாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஆண்களே ஆடிவந்த மேடையில் பெண்பிள்ளைகள் கட்டை கட்டி ஆடினர். அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. அந்த இழப்பு பற்றி நாம் போதிய அளவு பேசவேயில்லை.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆடி கழிந்தால் கூத்துக் குழுக்களுக்கு வேலை குறைவு. பலர் கூலி வேலைக்குச் செல்கின்றனர். அந்த மாதங்களில் இராணிப்பேட்டை மாவட்டக் கூத்து வாத்தியார்களையே உறைவிடக் கலைஞர்களாகச் சோளிங்கருக்கு அழைக்கலாம். மாதச் சம்பளம் தந்து, அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் நாடகங்களை உள்ளூர்க் கல்லூரி மாணவர்களைக் கொண்டு எழுதிவைக்கலாம். வெளியிலிருந்து ஆய்வாளர் வந்தாலும் வரட்டும். பதிவின் ஒரு படி, தமிழில், ஊர் நூலகத்தில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

தடைகள் இல்லாமலில்லை. தேர்வுக்குழு என்றாலே சாதியும் சிபாரிசும் முதல் வரிசையில் வந்து அமரும். தோல் தொழிற்சாலையிலும் வார்ப்பாலையிலும் ஷிப்டு பார்ப்பவர்கள் விடிய விடியக் கூத்துப் பார்க்கவும் இயலாது. முதல் சிக்கலுக்குப் பெயர்ப்பட்டியலையும் தேர்வுக்கான காரணத்தையும் வெளிப்படையாக அறிவிப்பது ஓரளவு உதவும். இரண்டாவதை வாத்தியார்களிடமே விட்டுவிடலாம். பார்வையாளருக்கேற்பக் கதையை நீட்டவும் சுருக்கவும் அவர்களுக்குத் தெரியும்.

கார்த்திகையில் யோக நரசிம்மர் கண் திறந்திருப்பார் என்பது நம்பிக்கை. அம்மாதம் முழுவதும் சோளிங்கரில் கூட்டம். 2024-இல் ரோப்கார் வந்தபின் மலையேற முடியாத முதியவர்களும் வருகின்றனர். மலையிலிருந்து இறங்கிப் பேருந்துக்குக் காத்திருக்கும் அந்த மாலைகளில் இரண்டு மணி நேரக் கூத்துக்கு இடம் இருக்கிறது.