பின்கோடு முடிகிற இடம்

நம் தேசத்து அஞ்சல் துறையைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் அநேகமாக அதன் விஸ்தீரணத்தைச் சொல்லி வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்கள், அவற்றுள் பத்துக்கு ஒன்பது கிராமங்களில் என்னும் கணக்கு வியப்புக்குரியதுதான், சந்தேகமில்லை. ஆயினும், எங்கோ ஒரு பெட்டியில் போட்ட காகிதத்தை வேறெங்கோ ஒரு வீட்டு வாசலில் சேர்ப்பிக்கிற அந்த ஏற்பாட்டின் சூட்சுமம் எது, அது எந்த இடத்தில் ஓய்ந்து, மனிதனின் ஞாபகசக்தியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது என்று யோசித்தால், துறையின் நிர்வாகத்தில் நெடுநாளாக இருந்துவரும் ஓர் அநீதியும் உடன் புலப்படும்.

சூட்சுமம் என்றது ஆறு இலக்கங்களை. ஒரே பெயருள்ள ஊர்கள் மலிந்து, பல மொழிகளிலும் பல லிபிகளிலும் விலாசம் எழுதப்படுகிற இந்நாட்டில், பெயரைப் படித்துத் தபால் பிரிப்பது பெரும் பிரயாசையாக இருந்தது. அதற்குப் பரிகாரமாக 1972 ஆகஸ்டு 15-ல் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். தகவல் தொடர்பு அமைச்சகத்தின் அதிகாரி, சமஸ்கிருதக் கவியும்கூட. கவிதை இயற்றுகிற கையிலிருந்து இத்தனை கறாரான எண் வகுப்புப் பிறந்ததில் ஆச்சரியமில்லை, யாப்பும் எண்ணிக்கைதானே.

சங்கரன்கோவிலின் எண் 627756. முதலிலுள்ள 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவை அடங்கிய மண்டலம். 62 அதனுள் ஓர் உட்பகுதி. 627 என்று மூன்று இலக்கம் சேர்ந்தால், தபால் பிரிப்புக்கென வகுத்த திருநெல்வேலி மாவட்டம். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகி, சங்கரன்கோவில் அதில் சேர்ந்த பிறகும் அந்த 627 மாறவில்லை. கலெக்டரின் எல்லை வேறு, தபால் பையின் எல்லை வேறு. புதுச்சேரி ஆட்சியில் ஒரே பிரதேசமாயினும், மாஹிக்குப் போகும் கடிதம் 673 என்ற கேரளத்து எண்ணையும், ஏனாமுக்குப் போவது 533 என்ற ஆந்திரத்து எண்ணையும் தாங்கியே செல்லும். கொடி பறக்கும் வழியை விட்டு வண்டி போகும் வழியைப் பின்பற்றிய இந்த விவேகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

எண்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே பிரித்தல் ஒரு கலையாக வளர்ந்திருந்தது. 1863-ல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே ஓடும் ரயிலிலேயே கடிதங்களைப் பிரிக்கத் தொடங்கிய ஏற்பாடுதான் பிற்காலத்தில் ரயில்வே மெயில் சர்வீஸ், சுருக்கமாக ஆர்.எம்.எஸ்., என்று பெயர் பெற்றது. சுவர் நெடுகச் சிற்றறைகள் கொண்ட ரயில் பெட்டியில் ஆடிக் குலுங்கியபடி நின்று, எந்த ஊர் எந்த அஞ்சலகத்தைச் சேர்ந்தது என்பதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அடுத்த நிலையம் வருமுன் கட்டுக்கட்டிப் பையில் போட்டு முத்திரையிட்ட சார்ட்டர்களின் வித்தை இன்று இல்லை. பிரித்தல் பெரிய ஊர்களின் கூடங்களுக்குப் போய்விட்டது. சென்னை போன்ற நகரங்களில் இயந்திரமும் பிரிக்கிறது. அதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

வருத்தம் எண் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. நாட்டிலுள்ள பின்கோடுகள் ஏறக்குறைய 19,000. அஞ்சலகங்களோ அதற்கு எட்டு மடங்குக்குக் குறையா. தலைமை அஞ்சலகம், துணை அஞ்சலகம், கிளை அஞ்சலகம் என்னும் மூன்று படிகளில், கடைசிப் படியாகிய கிளைக்குப் பெரும்பாலும் தனி எண் கிடையாது. தன் கணக்கைப் பார்க்கும் மேல் அஞ்சலகத்தின் எண்ணையே அதுவும் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே, துணை அஞ்சலகத்தில் பை அவிழ்ந்ததும் எண்ணின் வேலை தீர்ந்துவிடுகிறது. பிறகு கிராமத்தின் பெயரைப் படித்தே கிளைகளுக்குப் பை கட்டுகிறார்கள். கிளையிலோ அந்தப் பெயரும் போதாது. ‘மாரியப்பன், மேலத்தெரு’ என்று மட்டும் எழுதிய உறை ஒன்று வருகிறது. மேலத்தெருவில் மாரியப்பன் மூவர். கிளையில் பட்டுவாடா செய்யும் ஊழியரான கிராம டாக் சேவக் உறையைப் புரட்டி, அனுப்பியவரின் ஊரைப் பார்க்கிறார், திருப்பூர் என்றிருக்கிறது. எந்த மாரியப்பனின் மகள் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போயிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த ஞானத்துக்குத் துறை தந்திருக்கும் ஸ்தானம் என்ன? சுமார் இரண்டரை லட்சம் பேராகிய இந்தச் சேவகர்கள் துறையின் முழுநேர ஊழியர் அல்லர். நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேர வேலை என்று கணக்கிட்டே ஊதியம். 2018-ல் அதைத் திருத்தியமைத்தபோது, நான்கு மணி வேலைக்குக் குறைந்தபட்ச ஆரம்பத் தொகை, அகவிலைப்படி நீங்கலாக, மாதம் 10,000 ரூபாய். ஜீவனத்துக்கு வேறு மார்க்கம் இருக்கவேண்டும் என்பது நியமன நிபந்தனை. இவர்களுள் கிளை போஸ்ட்மாஸ்டராக இருப்பவரோ அலுவலகத்துக்கு இடத்தையும் தாமே ஏற்பாடு செய்யவேண்டும்! இவர்கள் வகிப்பது சிவில் பதவியே என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறிய பின்னும், மற்ற அஞ்சல் ஊழியருக்குரிய பென்ஷன் இவர்களுக்குக் கிட்டியபாடில்லை.

கடிதமே அருகிவிட்ட காலத்தில் இது என்ன வாதம் என்பார் உண்டு. அருகியது மெய்தான். ஆனால் ஆதார் அட்டையும், பாங்கு அட்டையும், கோர்ட் நோட்டீசும், நியமன உத்தரவும் இன்னும் வருகின்றன; ஒருவர் கைக்குப் போகவேண்டியது இன்னொருவர் கைக்குப் போனால் விபரீதமாகக்கூடியவை அவை. 2018-ல் அஞ்சல் பாங்கு தொடங்கிய பின்னர், அதே சேவகர் வீட்டு வாசலில் பணமும் பட்டுவாடா செய்கிறார். வேலை பெருகியும் மணிக்கணக்கு நான்கிலும் ஐந்திலும் அப்படியே நிற்கிறது.

2025-ல் டிஜிபின் என்ற புதிய குறியீட்டைத் துறை வெளியிட்டது. எழுத்தும் எண்ணும் கலந்த பத்துக் குறிகளால், தேசம் முழுவதையும் ஏறக்குறைய நான்கு மீட்டர்ச் சதுரங்களாகக் கூறுபோட்டுக் காட்டுவது அது. நல்ல முயற்சியே, ஆனால் அது வாசலைக் காட்டுமேயன்றி, அந்த வாசலில் இன்று குடியிருப்பவர் யார், பிழைப்புத் தேடி வெளியூர் போனவர் யார் என்று சொல்லாது. ஆகையால் புதுக் குறியீட்டில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கையாவது, சேவகரின் வேலை நேரத்தை மறுபடி அளப்பதிலும் துறை காட்டவேண்டும். அளக்கும்போது விற்ற ஸ்டாம்பையும் போட்ட ரசீதையும் எண்ணுவதோடு நில்லாமல், பிரிப்பதற்கும், அக்கம்பக்கத்தில் விசாரிப்பதற்கும், பூட்டிய வீட்டுக்கு மறுநாள் மீண்டும் போவதற்கும் ஆகும் பொழுதையும் கணக்கில் எழுதட்டும். நான்கு மணி என்ற அந்த எண்ணிக்கை எத்தனை கிளைகளில் செல்லுபடியாகும் என்பதை அப்போது பார்க்கலாம்.